லோடைக் கொட்டாதீங்க பாஸ்... கிளீனர்தான் காணோம்!

லினக்ஸைப் புதுசா இன்ஸ்டால் பண்ணி முடிச்சாச்சு. 'ரீஸ்டார்ட்' கொடுத்தாச்சு. லேப்டாப் கம்பெனி லோகோ வருது, போகுது. அப்புறம்... கறுப்பு ஸ்க்ரீன். மூலையில 'எரர்'னு ஆரம்பிக்கிற ஒரு வரி. அதுக்குக் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ'ன்னு ரெண்டே வார்த்தை. பக்கத்துல ஒரு சின்னக் கோடு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. எண்டர் தட்டினா அதே வரி மறுபடியும் வருது. எஸ்கேப் தட்டினா ஒண்ணும் ஆகலை. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அதேதான்!

இந்த இடத்துல நம்மாளுங்க பண்றது ரெண்டு. ஒண்ணு, ரூம்மேட் பேச்சைக் கேட்டு முதல்ல இருந்து எல்லாத்தையும் ஃபார்மட் அடிக்கிறது. ரெண்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற கடைக்குப் போறது. அங்கேயும் பெரும்பாலும் ஃபார்மட்தான், என்ன, அதுக்குக் காசு வாங்குவாங்க. ரெண்டுலயும் போறது உங்க ப்ராஜெக்ட், உங்க போட்டோ, நாலு செமஸ்டர் நோட்ஸ்.

ஒரு நிமிஷம் நில்லுங்க பாஸ். அந்த ஸ்க்ரீன் சொல்ற சேதி, 'உங்க ஃபைல் எல்லாம் போச்சு'ங்கறது இல்லை. இன்ஸ்டால் பண்ணும்போது 'டிஸ்க் முழுசையும் அழி'ங்கற ஆப்ஷனை நீங்களே தட்டியிருந்தா அது வேற கதை. இல்லைன்னா, நீங்க தொடாத பார்ட்டிஷன்ல இருந்தது எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பொறந்தவங்களுக்கு லாரி பத்திப் பாடம் எடுக்க வேண்டாம். விடியக்காலை கிளீனர் எந்திரிக்கிறார், டயரைத் தட்டிப் பார்க்கிறார், தார்ப்பாய் கயித்தை இழுத்துப் பார்க்கிறார், டிரைவரை எழுப்பி விடறார். டிரைவர் சீட்ல உக்காந்ததும் வண்டி டிரைவர் பொறுப்பு. லேப்டாப்ல டிரைவர்ங்கறது லினக்ஸ் கெர்னல். அதை எழுப்பி விடற கிளீனர்தான் பூட் லோடர். லினக்ஸ்ல பெரும்பாலும் அதோட பேர் 'க்ரப்'. இப்போ, ஒரு நாள் காலையில கிளீனர் வரலைன்னு வைங்க. ஏத்தி வெச்ச முட்டை லோடை ரோட்டுல கொட்டிட்டா வண்டி எடுப்பாங்க? ஃபார்மட் அடிக்கிறது அதைத்தான் பண்ணுது.

இனி கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சா, சரி பண்றது சுலபம்.

பழைய மாடல் லேப்டாப்புல, பயாஸ் எந்திரிச்சதும் ஹார்ட் டிஸ்க்கோட முதல் செக்டாரைப் படிக்கும். மொத்தமே 512 பைட். அதுல கடைசி 2 பைட் ஒரு முத்திரை. அதுக்கு முன்னாடி 64 பைட் பார்ட்டிஷன் கணக்கு. மிச்சம் 446 பைட்தான் கிளீனருக்கு. மூணு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் குறைச்சலான இடம்! அதுக்குள்ள ஒரு முழு புரோகிராமை எப்படி வைக்கிறது? அதனால க்ரப் தன்னை மூணாப் பிரிச்சு வெச்சுக்குது. முதல் துண்டு அந்த 446 பைட்ல. ரெண்டாவது துண்டு, முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்துல. மெனு, கலர், மத்த வேலை எல்லாம் பண்ற மூணாவது துண்டு, உங்க லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ள 'பூட்' ஃபோல்டர்ல, 'க்ரப்'ங்கற சப் ஃபோல்டர்ல.

வம்பு வர்றதே இங்கேதான். முதல் ரெண்டு துண்டு இருந்து, மூணாவது துண்டைக் காணோம்னா, க்ரப் அரைகுறையா எந்திரிச்சு முழிக்கும். அந்த முழிப்புக்குப் பேர்தான் 'ரெஸ்க்யூ' மோட்.

தமிழ்நாட்டுல இந்த ஸ்க்ரீனைப் பார்த்தவங்க கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 2011-ல அரசு இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சப்ப, முதல் வருஷத்துக்கு மட்டும் போட்ட இலக்கு 9.12 லட்சம் லேப்டாப். அதுல விண்டோஸோட 'பாஸ்' லினக்ஸும் சேர்த்து ஏத்திக் கொடுத்தாங்க. (நான் உங்களைக் கூப்பிடற பாஸ் இல்லைங்க! 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'ங்கறதோட சுருக்கம். சென்னை சி-டாக் உருவாக்கினது, முதல் வெர்ஷன் 2007-ல வந்தது.) ப்ளஸ் டூ படிக்கிற பசங்க, பொண்ணுங்க கையில ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். நிறைய பேருக்கு ரெண்டாவது எதுக்குன்னே யாரும் சொல்லித் தரலை. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தா, பேரே இல்லாத ஒரு பார்ட்டிஷன் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. 'இது எதுக்கு தண்டத்துக்கு? இதை எடுத்தா இன்னும் நூறு படம் ஏத்தலாமே'ன்னு டெலிட்! அன்னிக்கு ஒண்ணும் ஆகாது. படம் கூட ஏத்தலாம். அடுத்த நாள் காலையில ஆன் பண்ணும்போதுதான், 'நோ சச் பார்ட்டிஷன்'. அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லையாம். கிளீனரோட வீட்டை இடிச்சுட்டு, காலையில கிளீனர் எங்கேன்னு தேடற கதை!

விண்டோஸ் அப்பவும் உள்ளே முழுசா இருக்கும். கொண்டு வந்து எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் டிஸ்க் போட்டு, ரிப்பேர் ஆப்ஷன்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, 'பூட்ரெக்' கட்டளையோட 'ஃபிக்ஸ்எம்பிஆர்' சேர்த்து அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை. அது தெரியாம எத்தனை லேப்டாப் ஃபார்மட் ஆச்சோ, கணக்கு எடுக்க ஆள் இல்லை. 2025 மார்ச் பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு லேப்டாப்னு மறுபடியும் அறிவிச்சாங்க. இந்தத் தடவையாவது டப்பாவோட ஒரு பக்க பேப்பர்ல இதை அச்சடிச்சுக் கொடுத்தா புண்ணியமாப் போகும்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். பார்ட்டிஷனை டெலிட் பண்ணலை, லினக்ஸைத் திரும்ப இன்ஸ்டால்தான் பண்ணினேன், அதுக்கும் ஏன் இந்த ஸ்க்ரீன்?

எங்க ஹாஸ்டல்ல நடந்த ஒரு கேஸைச் சொல்றேன். செகண்ட் இயர் ஜூனியர் ஒருத்தன், சங்ககிரி பக்கம். அப்பா லாரி டிரைவர், இப்போ சொந்தமா ஒரு வண்டி. அக்கா ப்ளஸ் டூ படிச்சப்ப அரசு கொடுத்த லேப்டாப்தான் இவன் கையில. அதுல அப்பாவோட ட்ரிப் கணக்கு, டீசல், டோல்கேட், டிரைவர் படி, டயர் மாத்தின தேதி, எல்லாம் ரெண்டு வருஷமா ஒரே ஷீட்ல போட்டு வெச்சிருக்கான். வண்டி லோன் விஷயமா அந்தக் கணக்கு அந்த வாரமே வேணும். லேப்டாப்ல விண்டோஸும் இருக்கு, அப்டேட்டே பண்ணாத பழைய உபுண்டு 18.04-ம் இருக்கு. உபுண்டு மட்டும் ரொம்பப் பழசாச்சுன்னு, லேப்ல யார்கிட்டயோ பென்டிரைவ் வாங்கி, அதே பார்ட்டிஷன்ல 22.04 போட்டான். போட்டு முடிச்சு ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாவது நாள் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தான். அன்னிக்கு ராத்திரி கறுப்பு ஸ்க்ரீன்.

கடையில காட்டியிருக்கான். "ஹார்ட் டிஸ்க்கே போச்சுங்களாமாண்ணா. புதுசு மாத்தணுமாமா. உள்ள இருக்கறது எதுவும் வராதுங்கறாருங்ணா"ன்னு வந்து நின்னான். முகத்துல ரத்தமே இல்லை.

ஸ்க்ரீன்ல இருந்த வரி: 'சிம்பல் க்ரப்_காலாக் நாட் ஃபவுண்ட்'.

ஹார்ட் டிஸ்க் போயிருந்தா இந்த வரியே வராது பாஸ். க்ரப்போட முதல் ரெண்டு துண்டும் அந்த டிஸ்க்ல இருந்து படிச்சுத்தான் இந்த வரியையே எழுதுது! டிஸ்க் உயிரோட இருக்குங்கறதுக்கு அதுவே சாட்சி. அப்புறம் என்ன கோளாறு? ரெண்டு கேள்வி கேட்டேன். "பென்டிரைவ் குத்தியிருந்தப்ப நல்லா ஓடுச்சா?" "ஆமாங்ணா." "எடுத்த பிறகு ஓடலையா?" "ஆமாங்ணா." மேட்டர் முடிஞ்சது.

இன்ஸ்டால் பண்ணும்போது, 'பூட் லோடரை எந்த டிஸ்க்ல போடணும்'னு கீழே ஒரு சின்னப் பெட்டியில கேட்கும். யாரும் அதைப் படிக்கிறது இல்லை. அங்கே லேப்டாப் டிஸ்க்குக்குப் பதிலா பென்டிரைவ் தேர்வாகியிருந்திருக்கு. அதனால புது க்ரப்போட முதல் ரெண்டு துண்டும் பென்டிரைவ்ல போய் உக்காந்துடுச்சு. மூணாவது துண்டு மட்டும் லேப்டாப்ல. பென்டிரைவ் இருக்கிற வரைக்கும் மூணும் சேர்ந்து வேலை செஞ்சுது. அது போனதும், டிஸ்க்கோட ஆரம்பத்துல 18.04 காலத்துப் பழைய துண்டு எந்திரிச்சு, புது துண்டோட பேசப் பார்த்திருக்கு. புதுசு ஏதோ ஒரு பேரைச் சொல்லுது, பழசுக்கு அந்தப் பேரே தெரியாது. அந்தப் பேர்தான் 'க்ரப்_காலாக்'.

இந்த வரி 2020 ஜூலை கடைசியில உலகம் பூராவும் பிரபலமாச்சு. க்ரப்ல 'பூட்ஹோல்'னு ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சு, அவசர அவசரமா அப்டேட் விட்டாங்க. 'க்ரப்_காலாக்'ங்கற பேரே அந்த அப்டேட்லதான் உள்ளே வந்தது. எந்த டிஸ்க்ல க்ரப் இருக்குன்னு சிஸ்டம் தப்பாக் குறிச்சு வெச்சிருந்த கம்ப்யூட்டர்கள்ல எல்லாம், மூணாவது துண்டு மட்டும் புதுசாச்சு, முதல் ரெண்டும் பழசாவே நின்னுடுச்சு. விளைவு, சர்வர் வெச்சிருக்கிற பெரிய ஆளுங்களும் நம்ம ஜூனியர் மாதிரியே முழிச்சாங்க.

சரி பண்ணினது எப்படி? அதே பென்டிரைவை லேப்ல போய்த் திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னேன். நல்லவேளை, அதுக்குள்ள யாரும் அதை அழிக்கலை. குத்தி ஆன் பண்ணினதும் உபுண்டு தன்னால வந்துச்சு. டெர்மினல்ல ரெண்டே வரி. அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு: கட்டளையை எல்லாம் இங்கே உச்சரிக்கிற மாதிரி தமிழ்ல எழுதறேன், கீபோர்டுல இங்கிலீஷ் சின்ன எழுத்துலதான் அடிக்கணும். முதல் வரி, 'சுடோ', ஒரு ஸ்பேஸ், 'க்ரப்-இன்ஸ்டால்', ஒரு ஸ்பேஸ், அப்புறம் டிஸ்க்கோட பேர், அதாவது '/டெவ்/எஸ்டிஏ'. கடைசியில நம்பர் கிடையாது. நம்பர் போட்டா அது பார்ட்டிஷன், நமக்கு வேண்டியது முழு டிஸ்க். ரெண்டாவது வரி, 'சுடோ அப்டேட்-க்ரப்'. பென்டிரைவைப் பிடுங்கிட்டு ரீஸ்டார்ட். மெனு வந்துச்சு. விண்டோஸுக்குள்ள போய் 'டி' டிரைவைத் திறந்து, அப்பாவோட ஷீட்டைப் பார்த்த பிறகுதான் பய சிரிச்சான்.

எல்லாருக்கும் இப்படி ராசியான பென்டிரைவ் அமையாது. அவங்க லைவ் யு.எஸ்.பி.தான் போடணும். ஃப்ரெண்டு லேப்டாப்ல உபுண்டு ஐ.எஸ்.ஓ.வை ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளால பென்டிரைவ்ல எழுதிக்கிட்டு, அதுல இருந்து பூட் பண்ணி, 'இன்ஸ்டால்' தொடாம 'ட்ரை' மட்டும் கொடுங்க.

இங்கே பழைய மாடலா, புது மாடலாங்கறதைத் தெரிஞ்சுக்கணும். சுமார் 2012-க்கு அப்புறம் வந்த லேப்டாப் பெரும்பாலும் யு.ஈ.எஃப்.ஐ. ரகம். அதுல 446 பைட் நெருக்கடி எல்லாம் இல்லை. டிஸ்க்ல ஒரு குட்டி பார்ட்டிஷன், 100-ல இருந்து 500 எம்.பி. வரைக்கும் இருக்கும், 'ஈ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன்'னு பேர். விண்டோஸோட கிளீனரும் லினக்ஸோட கிளீனரும் அதே ரூம்ல ஆளுக்கொரு ஃபோல்டர்ல தங்கியிருப்பாங்க. அதனால, இன்ஸ்டால் பண்ணும்போது அந்தக் குட்டி பார்ட்டிஷனுக்கு மட்டும் 'ஃபார்மட்' டிக் அடிச்சுடாதீங்க. அடிச்சா ரெண்டு பேரும் தெருவுல!

இந்த ரகத்துல வர்ற முக்கியமான குழப்பம், பென்டிரைவையே பழைய 'லெகசி' மோட்ல பூட் பண்ணிடறது. விண்டோஸ் ஒரு பாஷை, நீங்க போட்ட லினக்ஸ் ஒரு பாஷைன்னு ஆயிடும். லைவ் யு.எஸ்.பி.ல இருக்கும்போது '/சிஸ்/ஃபர்ம்வேர்'ங்கற ஃபோல்டருக்குள்ள 'ஈஎஃப்ஐ'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தா சரி. இல்லைன்னா ரீஸ்டார்ட் பண்ணி, பூட் மெனுவுல அதே பென்டிரைவ் பேருக்கு முன்னாடி 'யு.ஈ.எஃப்.ஐ.'ன்னு போட்டிருக்கிற வரியைத் தேர்ந்தெடுங்க.

இனி ரிப்பேர். 'எல்எஸ்பிஎல்கே'ன்னு அடிச்சா டிஸ்க்கும் பார்ட்டிஷனும் சைஸோட வரிசையா வரும். இதுல எது உங்க லினக்ஸ்னு சைஸை வெச்சுக் கண்டுபிடிங்க. அதை '/எம்என்டி'ங்கற இடத்துல மவுன்ட் பண்ணுங்க. யு.ஈ.எஃப்.ஐ. ரகம்னா, அந்தக் குட்டி பார்ட்டிஷனை '/எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐ'ல மவுன்ட் பண்ணணும். அடுத்து 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்', 'ரன்' இந்த நாலு ஃபோல்டரையும் '/எம்என்டி'க்குள்ள அதே பேர்ல இருக்கிற ஃபோல்டர்களோட இணைக்கணும். 'மவுன்ட்' கட்டளையோட ரெண்டு மைனஸ் குறி போட்டு 'ஆர்பைண்ட்' சேர்த்தா இணைஞ்சுடும். கடைசியா 'சுடோ சிஎச்ரூட் /எம்என்டி'. இப்போ நீங்க நிக்கிறது பென்டிரைவ்ல இல்லை, உங்க லேப்டாப்போட லினக்ஸுக்குள்ள. அங்கே அதே ரெண்டு வரி: 'க்ரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-க்ரப்'. பழைய ரகத்துக்கு டிஸ்க் பேர் சேர்க்கணும், யு.ஈ.எஃப்.ஐ. ரகத்துக்கு அது தேவையில்லை. புது லேப்டாப்ல 'என்விஎம்ஈ' ரக எஸ்.எஸ்.டி. இருந்தா டிஸ்க் பேர் 'எஸ்டிஏ'ன்னு இருக்காது, 'என்விஎம்ஈ'ன்னு ஆரம்பிக்கும். பயந்துடாதீங்க.

இவ்வளவும் டைப் அடிக்கக் கை நடுங்குதுன்னா, 'பூட்-ரிப்பேர்'னு ஒரு இலவச டூல் இருக்கு. லைவ் யு.எஸ்.பி.ல நெட் கனெக்‌ஷன் கொடுத்து இன்ஸ்டால் பண்ணி, 'ரெக்கமண்டட் ரிப்பேர்'னு ஒரு பட்டனைத் தட்டினா, மேல சொன்ன எல்லாத்தையும் அதுவே பண்ணப் பார்க்கும். ஆனா ஒரு தடவையாவது கையால பண்ணிப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன். பட்டன் வேலை செய்யாத அன்னிக்கு அந்த அனுபவம்தான் கைகொடுக்கும்.

பென்டிரைவே இல்லை, ராத்திரி ரெண்டு மணி, காலையில ரிவ்யூ. என்ன பண்றது? ஸ்க்ரீன்ல 'ரெஸ்க்யூ'ங்கற வார்த்தை இருக்கான்னு பாருங்க. வெறும் 'க்ரப்'னு மட்டும் இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். மூணாவது துண்டும் எந்திரிச்சுடுச்சு, மெனு ஃபைல் எங்கேன்னு மட்டும் தெரியலை. யு.ஈ.எஃப்.ஐ. ரகத்துல திரும்ப இன்ஸ்டால் பண்ணும்போது இது நடக்கும். குட்டி பார்ட்டிஷன்ல உபுண்டு ஃபோல்டர்ல மூணே வரியில ஒரு விலாசச் சீட்டு இருக்கும். ஃபார்மட் பண்ணின பார்ட்டிஷனுக்குப் புது அடையாள எண் வந்திருக்கும், சீட்டுல பழைய எண்ணே நிக்கும். வீடு மாறின பிறகும் பழைய விலாசத்துக்குப் போற தபால்காரர் மாதிரி. அங்கே 'கான்ஃபிக்ஃபைல்', ஒரு ஸ்பேஸ், பார்ட்டிஷன் பேர், அதை ஒட்டி '/பூட்/க்ரப்/க்ரப்.சிஎஃப்ஜி'ன்னு அடிச்சா மெனு வந்துடும்.

'ரெஸ்க்யூ'ன்னு இருந்தா இன்னும் ரெண்டு படி ஜாஸ்தி. 'எல்எஸ்' அடிங்க. அடைப்புக்குறிக்குள்ள ஹெச்.டி. 0, காற்புள்ளி, பார்ட்டிஷன் நம்பர்னு வரிசையா வரும். ஒவ்வொண்ணா 'எல்எஸ்' போட்டு, கடைசியில ஒரு சாய்வுக்கோடும் சேர்த்துத் தட்டிப் பாருங்க. 'அன்நோன் ஃபைல் சிஸ்டம்'னு சொன்னா அது இல்லை, அடுத்தது. ஃபோல்டர் பேரா வரிசையா வந்தா, அதுதான் நம்ம ஆள். அப்புறம் 'செட் ப்ரிஃபிக்ஸ்', சமக்குறி, அந்தப் பார்ட்டிஷன், அதை ஒட்டி '/பூட்/க்ரப்'. அடுத்து 'செட் ரூட்', சமக்குறி, அதே பார்ட்டிஷன். அப்புறம் 'இன்ஸ்மாட் நார்மல்'. கடைசியா 'நார்மல்'. மெனு வரும். உள்ளே போனதும் மறக்காம அந்த ரெண்டு வரியை அடிச்சு நிரந்தரமாச் சரி பண்ணிடுங்க. இல்லைன்னா நாளைக்கும் இதே கதைதான். 'காலாக்' கேஸுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அங்கே பழைய துண்டும் புது துண்டும் பேசிக்கவே மாட்டாங்க, லைவ் யு.எஸ்.பி.தான் ஒரே வழி.

நடுவுல ஒரு ஜாலி தகவல். க்ரப்புக்கு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வெச்சிருந்தாலும், யூசர் நேம் கேட்கிற இடத்துல பேக்ஸ்பேஸை 28 தடவை தட்டினா ரெஸ்க்யூ மோட் திறந்துக்கும்னு 2015 டிசம்பர்ல ஸ்பெயின்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. 27 தடவை தட்டினா கிடையாதாம்! உடனே ஓட்டையை அடைச்சுட்டாங்க, இப்போ உங்க காலேஜ் லேப்ல போய்த் தட்டிப் பார்க்காதீங்க. க்ரப்புக்கு முன்னாடி 'லைலோ'ன்னு ஒருத்தர் இருந்தார். அவர் எந்திரிக்கும்போது தன் பேரை எழுத்து எழுத்தா ஸ்க்ரீன்ல எழுதுவார். 'எல்', 'ஐ'யோட நின்னுட்டார்னா, எந்தப் படியில விழுந்தார்னு அதை வெச்சே சொல்லிடலாம். 2015 கடைசியோட அவருக்கும் ரிட்டயர்மென்ட்.

இனி வர்றது, ரிப்பேர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க கட்டாயம் பார்க்க வேண்டியது. விண்டோஸ் 11 இருக்கிற புது லேப்டாப்ல, உங்களைக் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் ரகப் பூட்டு. நீங்க பாட்டுக்கு 'செக்யூர் பூட்'டை ஆஃப் பண்ணினா, அடுத்த தடவை விண்டோஸ் எந்திரிச்சு 48 இலக்க ரெக்கவரி கீ எங்கேன்னு கேட்கும். அந்த கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். அந்த அக்கவுன்ட் யாரோடது? வாங்கின அன்னிக்குக் கடைக்காரர் ஏதோ ஒரு மெயில் ஐ.டி. போட்டுக் கொடுத்திருந்தா? கறுப்பு ஸ்க்ரீனைச் சரி பண்ணிடலாம், இந்தப் பூட்டை கீ இல்லாம யாராலயும் திறக்க முடியாது. அதனால லினக்ஸ் பக்கம் போறதுக்கு முன்னாடியே அந்த 48 இலக்கத்தை ஒரு நோட்டுல பேனாவால எழுதி வெச்சுக்குங்க. லேப்டாப்லயே சேவ் பண்ணி வெக்கிறவங்களை என்ன சொல்றது!

எல்லாம் சரியா வெச்சிருந்தும், நீங்க ஒண்ணுமே பண்ணாம இது வரலாம். 2024 ஆகஸ்ட் 13-ல வந்த விண்டோஸ் அப்டேட், ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வெச்சிருந்த நிறைய கம்ப்யூட்டர்கள்ல லினக்ஸை எழும்ப விடாம நிறுத்திடுச்சு. பழைய, ஓட்டை இருக்கிற பூட் லோடர்களைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. லினக்ஸும் சேர்ந்து இருக்கிற கம்ப்யூட்டர்ல அது வராதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, ஆனா வந்துடுச்சு. ஸ்க்ரீன்ல 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்'னு ஒரு வரி. என்ன ஒரு தெளிவான விளக்கம்! அப்போ பண்ணின வைத்தியம்: செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணி, லினக்ஸுக்குள்ள போய், 'மோக்யூட்டில்' கட்டளையால 'எஸ்பேட்' பாலிசியை டெலிட் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி, செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் பண்றது. மைக்ரோசாஃப்ட் தரப்புல முழுசாச் சரி பண்ணினது 2025 மே மாசம். அது வரைக்கும் ஒன்பது மாசம்!

கடைசியா ஒண்ணு, ஏன்னா இதுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. க்ரப் சரியாயிடுச்சு, மெனு வருது, லினக்ஸ் வருது, ஆனா மெனுவுல விண்டோஸையே காணோம். அழிஞ்சுபோச்சுன்னு அழ வேண்டாம். 2021-ல வந்த க்ரப் 2.06-ல இருந்து, மத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேடிப் பிடிக்கிற 'ஓஎஸ்-ப்ரோபர்'ங்கற ஆளைத் தானாவே ஓட விடறது இல்லை. '/ஈடிசி/டிஃபால்ட்/க்ரப்' ஃபைலைத் திறந்து, 'க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்'னு பெரிய எழுத்துல அடிச்சு, சமக்குறி போட்டு, 'ஃபால்ஸ்'னு சின்ன எழுத்துல எழுதி சேவ் பண்ணுங்க. நடுவுல ஸ்பேஸ் விடாதீங்க, அடிக்கோடு எல்லாம் அப்படியே வரணும். அப்புறம் 'சுடோ அப்டேட்-க்ரப்'. ஓடும்போதே 'ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்'னு ஒரு வரி வரும். ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்.